சுளகில் வந்த மூன்று கத்தரிக்காய்

பிறர் நடத்தும் விழாவிற் குறை காண்பது எளிது. தாமே ஒரு விழாவை நடத்திப் பார்ப்பவர்க்கே அதன் அருமை புலப்படும். பந்தல் சரிந்துவிட்டது, பேச்சு நீண்டுவிட்டது, தேநீர் ஆறிவிட்டது என்று எத்தனையோ விழாக்களில் முன்வரிசையில் இருந்து குறை கூறிய நாங்கள், 2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்த அருமையை நன்றாகவே அறிந்துகொண்டோம். யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவிலுள்ள எமது சிற்றூரில், ஒரு விளைபொருட் கண்காட்சியை நடத்தும் பொறுப்பு அவ்வாண்டு எங்கள் தலையில் வந்து விழுந்தது.

நாங்கள் என்பது நால்வர். பாடசாலை ஆசிரியர் இருவர். வங்கியிற் பணிபுரியும் ஒருவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவி ஒருத்தி. இந்நால்வருள் எவரும் அதற்கு முன் ஒரு பூச்செடிக் காட்சியைத்தானும் நடத்தியவரல்லர். பத்திரிகை படிப்பதற்காக வாசிகசாலைக்குச் சென்ற ஒரு மாலைப்பொழுதிற் சனசமூக நிலையத் தலைவர் எங்களை அழைத்தார்.

"பிள்ளையள், ஊரிலே கோயில் திருவிழா நடக்குது, விளையாட்டுப் போட்டி நடக்குது. தோட்டம் செய்யிற சனத்துக்கு மட்டும் ஒரு நாளில்லை. நீங்கள் நாலுபேரும் சேர்ந்து ஒரு காட்சி வையுங்கோவன்" என்றார்.

பெரியவரின் சொல்லை மறுக்க எங்களுக்கு நா எழவில்லை. "ஓம்" என்று கூறிவிட்டு வெளியே வந்த பின்னரே, விளைபொருட் காட்சி என்பதை எவ்வாறு நடத்துவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

படித்தவர்கள் ஒன்றை அறிய விரும்பினால் முதலில் நாடுவது புத்தகத்தைத்தானே! நாங்களும் அவ்வாறே செய்தோம். இங்கிலாந்தில் 1804ஆம் ஆண்டிலேயே தோட்டக்கலைக்கென ஒரு சங்கம் தோன்றியது என்றும், அந்நாட்டுக் கிராமங்களில் ஆண்டுதோறும் காய்கறிக் காட்சி நடத்தும் வழக்கம் வேரூன்றியது என்றும் அறிந்தோம். எமது நாட்டிலும் 1904ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக்கின் காலத்தில், இலங்கை விவசாயச் சங்கம் நிறுவப்பெற்றது. விவசாயத் திணைக்களம் உருவானது அதற்குப் பின்னர், 1912ஆம் ஆண்டிலேதான். ஆகவே நாங்கள் மேற்கொண்ட முயற்சி புதுமையானதன்று. நூறாண்டுப் பழமை அதற்கு உண்டு என்று எண்ணி மகிழ்ந்தோம்.

அந்த ஆங்கிலக் காட்சிகளின் விதிகள் மிகவும் திட்டமானவை. ஒரு தட்டில் இத்தனை காய்கள் வைக்கப்படல் வேண்டும். அவை அளவிலும் வடிவத்திலும் நிறத்திலும் ஒத்திருத்தல் வேண்டும். வடுவோ பூச்சி அரித்த அடையாளமோ இருத்தலாகாது. இவற்றைக் கண்டதும் எங்கள் உள்ளம் குளிர்ந்தது. தீர்ப்புக் கூறுவது இத்துணை எளிதா என்று வியந்தோம். உடனே ஒரு கொப்பியை எடுத்து இரண்டு பக்கங்களில் விதிகளை எழுதினோம். கத்தரிக்காயாயின் ஐந்து, வெண்டிக்காயாயின் எட்டு, பூசணியாயின் ஒன்று. பருமனுக்கு 5 புள்ளி, ஒப்புமைக்கு 5, நிறத்துக்கு 5, தூய்மைக்கு 5, ஆக 20 புள்ளிகள். கடல்கடந்து வாழும் ஊரவர் சிலர் அனுப்பிய பணத்தில் மண்வெட்டி, பூவாளி, தாச்சி முதலிய பரிசுகளையும் வாங்கி வைத்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி அவ்வேளையில் எங்கள் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து வீடு வீடாகச் சென்றோம். வேலியோரத்தில் நின்று விடயத்தைச் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் கிடைத்தது: "எங்கட வளவிலே காட்சிக்கு வைக்க என்ன கிடக்குது?"

இது வெறும் பணிவுரையன்று; அதன் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1990களின் தொடக்கத்திற் போர் காரணமாகத் தீவகத்து மக்களிற் பெரும்பகுதியினர் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழித்து மீண்டு வந்தோர் கண்டவை கூரையிழந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் தூர்ந்த கிணறுகளுமே. வராதோரின் வீடுகள் இன்றும் சுவர்களாக நிற்கின்றன. "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன நாவுக்கு, "இங்கே இது உண்டு" என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

வேறு சிலர்க்கு வேறு தடை இருந்தது. நல்ல பூசணிக்காயொன்றை வைக்கோலிட்டு மூடி வைத்திருந்த முதியவர் ஒருவர், அதை எங்களுக்குக் காட்டவே தயங்கினார். "ஊர்க்கண் முழுக்க ஒரு காயிலே பட்டால் கொடி பட்டுப்போகும், தம்பி. நாவூறு பொல்லாதது" என்றார். காட்சி மண்டபத்தின் வாசலிலே பெரியதொரு வெருளியைக் கட்டிவிடுவதாக வாக்களித்த பின்னரே அவர் இணங்கினார். வாக்குத் தவறாமல் வெருளி கட்டினோம். எங்கள் வங்கி நண்பரின் பழைய சட்டையையும் கழுத்துப்பட்டியையும் அதற்கு அணிவித்தோம். காட்சியன்று சிறுவர்களின் ஏகோபித்த பாராட்டைப் பெற்றது அந்த வெருளியே என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாசி மாதத்தைத் தேர்ந்தது எங்கள் அறிவுடைமையாலன்று. ஊர்ப் பெண்களின் அறிவுரையால். மாரி மழை ஓய்ந்து நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். ஆவணியிலும் புரட்டாதியிலும் பாத்தியில் அடுக்கிய பனம்விதைகள் கிழங்காகித் தை முதற்கொண்டு கிண்டப்படும். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். மாசி வெயில் ஏறும்போது முற்றமெங்கும் பாய்களில் இவை காய்ந்துகொண்டிருக்கும். "மாசியிலே வைத்தால் எங்கட கைக்கும் வேலை குறைவு, காட்டவும் சாமான் இருக்கும்" என்று அவர்கள் கூறியது முற்றிலும் உண்மையாயிற்று.

காட்சி நாள் வந்தது. அன்று விடியற்காலை மண்டபத்தைத் திறந்தபோது எங்களுக்கு முன்பே ஒரு பார்வையாளர் உள்ளே நின்றார். அவர் ஓர் ஆடு. முந்திய மாலையே சிலர் கொண்டுவந்து வைத்திருந்த முளைக்கீரைக் கட்டுகள் மூன்றையும், "கீரை வகை, முதலாம் பிரிவு" என்று அழகாக எழுதி ஒட்டிய கடதாசியையும் உண்டுவிட்டு, முருங்கைக்கீரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்புறக் கதவின் கொளுக்கியை மாட்ட மறந்தவர் யார் என்னும் வினாவுக்கு எங்கள் நால்வரிடையே இன்றுவரை விடை காணப்படவில்லை.

பொழுது ஏற ஏற, நாங்கள் எதிர்பாராத வண்ணம் மண்டபம் நிறையலாயிற்று. ஒருவர் கொண்டுவந்ததைக் கண்டு அயலவர் ஓடிச்சென்று தம்முடையதையும் எடுத்துவந்தனர். வெங்காயப் பிடிகள், செத்தல் மிளகாய், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், குரக்கன், சாமை, எள்ளு, பயறு எல்லாம் வந்தன. நெடுந்தீவிலிருந்து உறவினர் சிலர் காலைப் படகிற் கடல் கடந்து, குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் கடந்து வேலணைக்கு வரும் பேருந்தில் ஏறி, மடியிற் பனங்கட்டிக் குட்டான்களை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டியபோது, வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று. பெயர் எதுவாயினும், லைடனும் டெல்வ்டும் அன்று ஒரே மேசையில் ஒடியலும் பனாட்டுமாக ஒன்று சேர்ந்தன.

நடுவராக யாழ்ப்பாணத்திலிருந்து இளைப்பாறிய விவசாய உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் விதிக்கொப்பியை வாங்கிப் படித்தார், மெல்ல நகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. காய்கறி மேசைகளில் விதிப்படியே புள்ளியிட்டார். பனம்பொருள் மேசைக்கு வந்ததும் கொப்பியை மூடிவிட்டு, அங்கு நின்ற மூதாட்டிகளைப் பார்த்து, "இதுக்கு நான் நடுவரில்லை, நீங்கள்தான் நடுவர்" என்றார்.

அப்போது நாங்கள் கற்றவை எந்தக் கொப்பியிலும் இல்லாதவை. நல்ல ஒடியலை ஒடித்தாற் காய்ந்த சுள்ளிபோல ஓசையெழ வேண்டும். வளைந்தால் வெயில் போதவில்லை. உள்நிறம் வெண்மையாயிருத்தல் வேண்டும். துளை தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது. பனாட்டை விரலால் இழுத்தாற் கிழியாமல் இழுபட வேண்டும். ஒடியல் மாவின் கயர்ப்பு நீங்க, மாவை நீரிற் கரைத்து, தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். அதைச் செய்யாமற் கூழ் காய்ச்சுபவர் ஊரவர் அல்லர், விருந்தினர்! இவ்வாறு அவர்கள் ஒவ்வொன்றாக ஒடித்தும் முகர்ந்தும் சுவைத்தும் தீர்ப்புக் கூறியபோது, பெரிய பெரிய பரீட்சைகளில் தேறிய நாங்கள் மாணவர்களாக நின்று கேட்டோம்.

அவ்வேளையிலேதான் எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் சுளகொன்றை இடுப்பில் அணைத்தவாறு வந்தார். சுளகில் இருந்தவை மூன்று கத்தரிக்காய்கள். ஒன்று குறுகியது, ஒன்று வளைந்தது, மூன்றாவது முற்றிப் பழுத்து மஞ்சளாகி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அருகே ஒரு சிரட்டையிற் சாம்பல்.

"ஆச்சி, கத்தரிக்காய் எண்டால் ஐந்து வேணும். எல்லாம் ஒரே அளவாய் இருக்கவும் வேணும்" என்று நாங்கள் விளக்கினோம்.

"ஒரே அளவாய்க் காய்க்கிறதுக்கு அது என்ன அச்சிலே வார்த்ததே, மோனை?" என்றார் ஆச்சி.

சுற்றி நின்றவர்கள் நகைத்தனர். நாங்களும் நகைத்தோம். ஆயினும் விதி விதியன்றோ! சுளகை மரியாதையாக வாங்கி, கடைசி வாங்கிலே, "போட்டிக்கு அன்று" என்று எழுதிய கடதாசியுடன் வைத்தோம். ஆச்சி ஒன்றும் பேசாமல் அந்த வாங்கிலேயே ஓரமாக அமர்ந்துகொண்டார்.

பிற்பகலிற் பரிசளிப்பு. கத்தரிக்காய்ப் பிரிவில் முதற் பரிசு, கருநீல நிறத்திற் பளபளவென்று, ஐந்தும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போல இருந்த ஒரு தட்டுக்குக் கிடைத்தது. இருபதுக்குப் பத்தொன்பது புள்ளி. அதற்கு உரியவர் ஊரிலே அமைதியான மனிதர். எவரோடும் அதிகம் பேசாதவர். பெயரை அழைத்ததும் தயங்கித் தயங்கி வந்து மண்வெட்டியைப் பெற்றுக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்த அந்த நொடியில், முன்வரிசையில் இருந்த அவருடைய எட்டு வயது மகன் வியப்போடு உரக்கக் கேட்டான்:

"அப்பா, நேற்றுச் சந்தையிலே வாங்கினதுக்கும் பரிசு தருவினமோ?"

முதலில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. பின்னர் அதுவும் அடங்கிப்போயிற்று. அந்த மனிதர் மண்வெட்டியைப் பிடித்தபடியே தலைகுனிந்து நின்றார். எங்கள் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? இரண்டு பக்க விதிகளை மனத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். எண்ணிக்கை, பருமன், நிறம், தூய்மை எல்லாம் இருந்தன. "தமது வளவில் விளைந்ததாயிருத்தல் வேண்டும்" என்னும் ஒரு வரி மட்டும் இல்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று எண்ணினோமோ, எழுத மறந்தோமோ, அறியோம். ஆனால் ஒன்று விளங்கியது. அழகுக்கும் ஒப்புமைக்கும் மட்டுமே பரிசு என்று நாங்கள் விதித்தபோது, எமது ஊர்த் தோட்டங்களைச் சந்தையோடு போட்டியிட வைத்துவிட்டோம். அப்போட்டியிற் சந்தை வென்றது.

அவரே மெல்லப் பேசினார். "என்ரை கிணறு உவராய்ப் போச்சு. ஐம்பது கத்தரிக் கண்டு வைச்சன். எல்லாம் கருகிப் போச்சு. ஊரிலே எல்லா வீட்டுத் தட்டும் இருக்கேக்கை எங்கட வீட்டுத் தட்டு மட்டும் இல்லையெண்டால், பிள்ளை வந்து பார்த்து என்ன நினைப்பான் எண்டு... பரிசுக்காக இல்லை." மண்வெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் திரும்ப முற்பட்டார்.

அவரைத் தடுத்து நிறுத்தியவர் நடுவரே. "கொஞ்சம் நில்லுங்கோ. கிணற்றுக்கு எப்ப மிசின் போட்டனீங்கள்?" என்று வினவினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்று விடை வந்தது. அதன்மேல் அவர் சபையோர் எல்லோருக்குமாகப் பேசினார். தீவுகளின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடே இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே இயந்திரத்தால் விரைவாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலேறிவிடும். துலாவிட்டு இறைத்த காலத்திற் கை ஓய்ந்தது. கை ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. இயந்திரத்துக்கு ஓய்வு தேவையில்லை, கிணற்றுக்குத்தான் தேவை. இதுவே அவர் உரையின் சாரம்.

"அது சரி, தம்பி. கிணறு தேறும் வரைக்கும் அவன் என்னத்தை நடுகிறது?"

குரல் வந்தது கடைசி வாங்கிலிருந்து. ஆச்சி சுளகோடு எழுந்து நின்றார். "என்ரை கிணறும் உவர்தான். இந்தக் கத்தரி அந்தத் தண்ணியிலேதான் காய்ச்சது. சந்தைக் கத்தரி போலே வடிவில்லை, ஆனால் காய்க்கும்."

அதன்பின் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுத முயல்கின்றோம்.

"இது என்ரை மாமியார் தந்த விதை. தொண்ணூறாம் ஆண்டு ஊரைவிட்டு ஓடேக்கை, காப்பு சங்கிலி இருந்துதோ இல்லையோ, இந்தச் சாம்பல் முடிச்சு மடியிலே இருந்தது. கத்தரி விதை கனகாலம் கிடவாது, மோனை. நாலைஞ்சு வருசத்திலே செத்துப்போம். அதாலே போன போன இடமெல்லாம் நாலு கண்டு வைச்சன். ஆற்றையோ வளவு, ஆற்றையோ கிணறு. காய் பிடுங்கிறதுக்கில்லை, ஒரு பழம் பழுக்கவிட்டு விதை எடுக்கிறதுக்கு. திரும்பி வந்து இந்த மண்ணிலே வைச்சபோதுதான் எனக்கு வீட்டுக்கு வந்தமாதிரி இருந்தது."

மண்டபத்தில் ஓசையில்லை. நாங்கள் "போட்டிக்கு அன்று" என்று எழுதிய கடதாசி இன்னும் அந்தச் சுளகின் விளிம்பில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிடவும் எங்களுக்கு அப்போது துணிவில்லை.

நடுவர் அந்தப் பழுத்த காயைக் கையில் எடுத்து நெடுநேரம் நோக்கினார். இது உவரைத் தாங்கும் இனந்தான் என்று ஒரு நாளிற் சொல்லிவிட முடியாது; நட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றார். எனினும் ஒரு நியாயத்தை விளக்கினார். ஒரே மண்ணில், ஒரே கிணற்று நீரில், ஆண்டாண்டாக விதை எடுத்து வருமிடத்து, அம்மண்ணையும் நீரையும் தாங்க மாட்டாத செடிகள் விதை வைக்குமுன்பே அழிந்துபோகின்றன. தாங்கியவையே விதை தருகின்றன. அவ்விதையையே மூதாட்டி எடுத்து வைக்கின்றார். இவ்வாறு ஒரு தலைமுறைக் காலம் சென்றால், அவ்விதை அந்த வளவை அறிந்த விதையாகிவிடுகின்றது. கடையில் வாங்கும் கலப்பின விதை முதல் ஆண்டு நிறையக் காய்க்கும். அதன் காயிலிருந்து எடுத்த விதையோ தாயைப் போல முளைப்பதில்லை. ஆகையால் அது எந்த வளவையும் அறிந்துகொள்வதில்லை.

மண்வெட்டியை ஆச்சிக்குக் கொடுப்பதே முறை என்று நாங்கள் துணிந்தோம். அவரோ கையசைத்து மறுத்துவிட்டார். "எனக்கு மண்வெட்டி என்னத்துக்கு? குனிஞ்சு கொத்திற வயதே? உவனிட்டையே குடுங்கோ. விதை கொண்டு போறவனுக்கு மண்வெட்டியும் வேணுமெல்லே" என்றார். பிறகு அந்த மனிதரை நோக்கி, "ஆனால் ஒன்று, தம்பி. முதற் பழத்து விதையிலே பாதி எனக்குத் திருப்பித் தரவேணும். என்ரை வளவிலே பட்டுப்போனால் நான் ஆரிட்டைப் போறது?" என்றார்.

அந்தக் கடைசி வினாவிலே ஒரு விளைபொருட் கண்காட்சியின் பயன் முழுவதும் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. ஒரு வளவில் மட்டும் இருக்கும் விதைக்கு ஓர் ஆடு போதும், ஒரு வறட்சி போதும், ஓர் இடப்பெயர்வு போதும். பத்து வளவில் இருக்கும் விதைக்கு அழிவில்லை. எவருடைய காய் பெரிது என்று காண்பதற்கன்று ஊர் கூடுவது. எவரிடம் எது இருக்கின்றது என்று அறிந்துகொள்வதற்கே.

அன்றிரவு வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் மாணவி ஒரு செய்தியைக் கூறினாள். தமிழ்நாட்டில், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கம் என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடந்து வருகின்றது. அதைத் தொடங்கி நடத்தியவர் நெல் ஜெயராமன். நம்மாழ்வாரின் வழிநின்ற அவர், மறைந்துகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல்லினங்களைத் தேடிச் சேர்த்து, 2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மறைந்தார். அவருடைய திருவிழாவில் விதைநெல் விற்கப்படுவதில்லை. 2 கிலோ கொண்டு செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். "ஆச்சி கேட்டதும் அதுதானே!" என்றாள் அவள். ஆதிரெங்கத்தைப் பற்றி ஆச்சி கேள்விப்பட்டிருக்க மாட்டார். நல்ல விதை போலவே நல்ல வழக்கமும் பல மண்ணில் முளைக்கும் போலும்.

அடுத்த ஆண்டுக் காட்சிக்கு நாங்கள் புதிய கொப்பி வாங்கினோம். முதல் விதி, எல்லாம் தத்தம் வளவில் விளைந்தனவாயிருத்தல் வேண்டும். இரண்டாவது விதி, ஆடு உட்புகாதவாறு பின்கதவைப் பூட்டுதல் வேண்டும். மூன்றாவதாக, "வீட்டு விதை" என்று ஒரு பிரிவைச் சேர்த்தோம். அதிற் பருமனுக்கும் நிறத்துக்கும் புள்ளியில்லை. விதையைக் கொண்டுவருபவர் அது யாரிடமிருந்து வந்தது, எந்தப் பட்டத்தில் விதைப்பது, எவ்வாறு காப்பது என்பவற்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர்க்கு ஒரு பிடி கொடுக்க வேண்டும். பெற்றவர் மறு ஆண்டு இரண்டு பிடியாகத் திருப்பித் தர வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொரு விதையின் கதையையும் எழுதி அதனருகே வைத்தனர். பழுத்த கத்தரிக்காயை நீரிற் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து, சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்துவது. பூசணி விதையைச் சாணத்தோடு சேர்த்துச் சுவரில் அப்பி வைப்பது. பயற்றை வேப்பிலையோடு இட்டு மூடுவது. இவையெல்லாம் அப்பிள்ளைகளின் கையெழுத்தில் முதன்முறையாக ஏட்டில் ஏறின.

2020ஆம் ஆண்டு மாசியில் அந்த இரண்டாவது காட்சி நடந்தது. அடுத்த மாதமே பெருந்தொற்றுக் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. சந்தைகள் மூடப்பட்டன, படகுகள் நின்றன. காட்சியிற் பெற்ற முளைக்கீரை விதையைச் சிலர் உடனே தூவியிருந்தனர். பங்குனி முடிவதற்குள் அக்கீரை பறிக்கும் பருவத்தை அடைந்து, வேலிக்கு மேலாக வீடு மாறியது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடியால் எல்லாப் பொருளின் விலையும் ஏறியபோதும், உரம் கேளாத அந்த வளவுச் செடிகளின் அருமை மேலும் விளங்கியது. காட்சி ஊரைக் காப்பாற்றியது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது பெருமை பேசுவதாகும். சில வீடுகளிற் சில நாள் கறிக்குக் கவலையில்லாமற் போயிற்று, அவ்வளவே. ஆனால் அந்த நாட்களில் அது சிறிய காரியமன்று.

வாசகர்கள் அந்தக் கத்தரியின் கதையை அறிய விரும்புவர். இரண்டாவது காட்சிக்கு, முதலாண்டில் தலைகுனிந்து நின்ற அந்த அன்பர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். ஐந்து கத்தரிக்காய்கள், ஐந்தும் ஐந்து விதம். ஐம்பது கன்று நட்டு முப்பத்தொன்று பிழைத்ததாகச் சொன்னார். இயந்திரத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை என்றும் சொன்னார். அவருடைய மகன் ஓடிவந்து, "இது சந்தையிலே வாங்கினதில்லை!" என்று ஒவ்வொருவரிடமும் தானே அறிவித்துக்கொண்டு திரிந்தான். அன்று அத்தட்டுக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை. அவர் மடியிலிருந்து ஒரு சாம்பல் முடிச்சை அவிழ்த்து ஆச்சியின் கையில் வைத்ததை மட்டும் எல்லோரும் கண்டனர்.

ஆச்சி இன்று இல்லை. அவருடைய வளவும் பூட்டிக்கிடக்கின்றது, பிள்ளைகள் வெளிநாட்டில். ஆயினும் அந்தக் கத்தரி எமது ஊரிற் பதினொரு வளவுகளிற் காய்க்கின்றது. இதை எழுதுமுன் வீடு வீடாகச் சென்று எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும், "வரியத்துக்கு ஒருக்கா வந்து எண்ணிப்போட்டுப் போறியள், எனக்கு எப்ப விதை தரப்போறியள்?" என்று கேட்டார். ஒரு முடிச்சு அவருக்காக எடுத்து வைத்திருக்கின்றோம்.